வேலிக்காரம்மா சொன்ன கணக்கு

ஆடு வளர்ப்பவரிடம் போய் மொத்தம் எத்தனை உருப்படி என்று கேட்பதும், உத்தியோகத்தில் இருப்பவனிடம் கையில் எவ்வளவு வருகிறது என்று கேட்பதும் ஒன்றுதான். பதில் வரும், உண்மை வராது. கால்நடை அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

வருடத்துக்கு ஒரு முறை மந்தைக் கணக்கெடுப்புக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். பட்டிக்கு வெளியே ஜீப்பை நிறுத்தி, இறங்காமலே "எத்தனை?" என்பேன். அவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதை எழுதிவிட்டு, "நேரில் எண்ணிச் சரிபார்த்தேன்" என்று அச்சடித்திருக்கும் வரிக்குக் கீழே கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த பட்டிக்குப் போய்விடுவேன். அரசு மேய்ச்சல் நிலத்தில் ஆடு விடுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி உண்டு. அதனால் யாரும் முழு எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே இருநூறு பூசணிக்காய்கள் கண்ணெதிரே கத்திக்கொண்டு நிற்கும். நான் சோற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

வேலிக்காரம்மா எனக்கு ஆறு வருடம் சொன்ன எண் நூற்று இருபது. முதல் வருடமும் நூற்று இருபது, ஆறாம் வருடமும் நூற்று இருபது. "என்னம்மா, உங்க மந்தையில குட்டியே போடாதா?" என்று ஒரு தடவை கேட்டேன். "போடும் சார், வந்த வேகத்துல கெழவங்க செத்துடுறாங்க" என்று முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார். ஜீப் டிரைவர் சிரித்ததில் வண்டி அணைந்துபோயிற்று.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த வருடமே மாமனார் சொத்தைப் பிரித்திருக்கிறார். இளைய மகன் வாயுள்ள பிள்ளை. அவருக்குப் பள்ளத்து நிலமும் பெரிய கொட்டகையும் போயின. மூத்தவர், அதாவது வேலிக்காரம்மாவின் கணவர், வாயில்லாப் பூச்சி. அவருக்குக் காற்றடிக்கும் மேட்டு நிலமும் பதினோரு பெட்டைச் செம்மறி ஆடும் கிடைத்தன. புது மருமகள் சண்டைக்கு வருவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்களாம். வரவில்லை. தாய்வீட்டில் போட்ட வளையலை விற்றுக் கம்பிச் சுருள் வாங்கி, இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஐந்து கம்பி வேலி போட்டார். கம்பி இழுக்க ஆள் கூப்பிட்டால் கூலி கேட்பார்கள் என்று தானே இழுத்தார். கம்பி வெட்டுகிற கட்டிங் பிளேயரைச் சொருக இடுப்பில் ஒரு துணிப்பை தைத்துக்கொண்டார். அன்று ஏறிய பிளேயர் பிறகு இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று ஒரு நாள் அவர் கணவரிடம் கேட்டேன். மனிதர் நன்றாக யோசித்துவிட்டு, "தலகாணிக்குக் கீழ" என்றார்.

அந்தப் பதினொன்றுதான் இருபத்தெட்டு வருடத்தில் இருநூற்றுக்கு மேல் போயிற்று. வேலிக்காரம்மா எண்ணுவதே இல்லை. மாலையில் பட்டிக்குள் நுழையும்போது வாசலில் நின்று பார்ப்பார். எத்தனை வந்தது என்று பார்க்க மாட்டார், யார் வரவில்லை என்று பார்ப்பார். "காது மடங்கினவளோட ரெண்டாவது பொண்ணைக் காணோமே" என்று கிளம்பிவிடுவார். கிடைக்காமல் திரும்பியதை நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு அந்த வறட்சி வந்தது. இரண்டு வருடம் வானம் வாயைத் திறக்கவில்லை. ஆடுகளுக்கு விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. மூன்றாம் வருடம், ரோமம் கத்தரித்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஒரு மத்தியான வேளையில் மழை பிடித்தது. முதல் ஒரு மணி நேரம் ஜனங்கள் தெருவில் நின்று நனைந்தார்கள். என் மனைவி மாடியில் பாத்திரம் பாத்திரமாக எடுத்து வைத்தாள். மழை நிற்கவே இல்லை. நான்கு நாள் பெய்தது. கூடவே எலும்பைத் துளைக்கிற குளிர்க்காற்றும் அடித்தது.

உடம்பில் சதையும் இல்லை, மேலே ரோமமும் இல்லை என்றால் ஆடு குளிரைத் தாங்காது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது தள்ளுகிற பக்கமே நடக்கும். வேலி வந்தால் நிற்கும், பின்னால் வருவது அதன் மேல் ஏறும். வேலிக்காரம்மா இரண்டாம் நாள் விடிந்ததும் மேட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது, அவர் கையால் இழுத்துக் கட்டிய வேலி நெடுகிலும் ஆடுகள் மூன்றடுக்காகக் கிடந்தன. அடியில் இருந்தவை மூச்சுமுட்டியும் மேலே இருந்தவை விறைத்தும் செத்திருந்தன. நடுவில் இருந்தவை இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

வேலிக்காரம்மா இடுப்பிலிருந்து பிளேயரை எடுத்தார். ஐந்து கம்பியையும் வெட்டினார். அப்படி நான்கு இடத்தில் வெட்டினார். இருபத்தெட்டு வருடம் ஒரு குட்டிகூடத் தாண்டாத வேலி அது. உயிரோடிருந்த ஆடுகளைக் கணவனும் மனைவியுமாகக் கொழுந்தனாரின் பள்ளத்து நிலத்துக்குத் தள்ளி, அவருடைய கொட்டகைக்குள் ஓட்டினார்கள். எண்பத்து மூன்று பிழைத்தன. மிச்சம் நூற்று முப்பத்தொன்று.

"நான் கட்டின வேலிதான் சார் கொன்னுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். அழவில்லை.

நான்காம் நாள் சுகாதாரத் துறையின் மண்வெட்டும் இயந்திரம் வந்தது. நோய் பரவும் என்று, சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பட்டிகளில் செத்ததையெல்லாம் சாலையோரம் ஒரே குழியில் தள்ளி மூடினார்கள். எது யாருடைய ஆடு என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலும் யாரும் இல்லை.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை தெரியுமே, அந்த ஓநாய் ஐந்தாம் நாள் லாரியோடு வந்தது. ஆட்டுத் தரகர். குடையைப் பிடித்துக்கொண்டு பட்டி பட்டியாகப் போய்த் துக்கம் விசாரித்தார். விசாரித்து முடித்ததும், மிச்சமிருப்பதை மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மேய்ச்சல் நிலம் முழுவதும் சேறு மூடிக் கிடந்தது. புல் தலைகாட்ட மூன்று மாதம் ஆகும். அதுவரை தீவனம் விலைக்குத்தான் வாங்க வேண்டும். தரகருக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரமே அரசு அவசர நிவாரணம் அறிவித்தது. செத்த ஆடு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று தொகை. குழிக்குள் போனதை எப்படி எண்ணுவது? தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி வழி கண்டுபிடித்தார். கணக்கெடுப்பில் பதிவான எண்ணிக்கையிலிருந்து இப்போது உயிரோடிருப்பதைக் கழித்தால் வருவது செத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் குறை சொல்ல முடியாத கணக்கு.

எட்டுப் பேருக்கான பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். வேலிக்காரம்மாவின் பட்டி கணவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது; அதற்கு நேரே நூற்று இருபதில் எண்பத்து மூன்று போக முப்பத்தேழு என்று அடித்தேன். விரல் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. நின்றதே தவிர, அடித்துவிட்டது.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று காலை பதினொரு மணிக்கு வேலிக்காரம்மா அலுவலகத்துக்கு வந்தார். பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காலில் காய்ந்த சேறு இன்னும் போகவில்லை.

"சார், ஊசி புக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

நான் புரியாதவன் போல எந்த ஊசி என்றேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை மந்தைகளுக்கு இலவசத் தடுப்பூசி போடுகிறோம். ஊசி போடுகிறவர் மருந்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அதனால் ஒவ்வொரு ஆட்டையும் எண்ணி எழுதுவார். இல்லாத ஆட்டுக்கு ஊசி போட முடியாது. இருக்கிற ஆட்டை யாரும் மறைக்கவும் மாட்டார்கள், இலவசமாயிற்றே. வரிப் பதிவேடு என் இரும்பு பீரோவின் மேல் தட்டில் இருந்தது. ஊசிப் பதிவேடு கீழ்த் தட்டில் இருந்தது. நடுவில் ஒரு முழம் இடைவெளி. இத்தனை வருடத்தில் இரண்டையும் ஒன்றாக மேசையில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்காமலிருப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் ஒழுங்கு.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஊசிக் கணக்கை எடுத்தால் இத்தனை வருட வரி ஏய்ப்பு வெளியில் வரும், பாக்கி கட்டச் சொல்வார்கள், அபராதம் போடுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. தவறான எண்ணிக்கை கொடுத்தவரின் மேய்ச்சல் அனுமதியை ரத்து செய்யலாம் என்று விதி உண்டு. அனுமதி போனால் மந்தை போன மாதிரிதான், சொந்த நிலத்தில் முப்பது ஆடுகூட மேயாது. அவர் நன்மைக்காகத்தான் பயமுறுத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்த அச்சடித்த வரிக்குக் கீழே இருந்த என் கையெழுத்து.

முழுவதையும் கேட்டுவிட்டு வேலிக்காரம்மா சொன்னார்: "முப்பத்தேழு ஆட்டுக் காசு இருபத்தஞ்சு நாள் தீவனம் சார். புல்லு வர மூணு மாசம். மீதி ரெண்டு மாசம் அதுங்களுக்கு என்னத்தப் போடுவேன்? நீங்க ஒட்டியிருக்கிற பட்டியலையா?"

ஆட்சேபணை சொல்ல அடுத்த வாரம் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அன்று நிவாரண அதிகாரி நேரில் வருவார். அந்த நாளைக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

செய்தி எப்படிப் பரவியதோ, இரண்டாம் நாளே கொழுந்தனாரின் கொட்டகையில் சங்கக் கூட்டம் கூடியது. ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டத்தில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னவரும் அவர்தான். எட்டுக் குடும்பமும் வந்திருந்தது. எல்லாரும் குறைத்துச் சொன்னவர்கள், எல்லாரும் குறைவாகப் பெறப்போகிறவர்கள். வந்தவரை லாபம், கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே பொதுக் கருத்து.

"ஊரோட ஒத்துப் போங்க அண்ணி" என்றாராம் கொழுந்தனார். "நீங்க உங்க புக்கைத் திறக்கச் சொன்னா, அவங்க அடுத்த பக்கத்தையும் புரட்ட மாட்டாங்களா? உங்க தலையில மண்ணைப் போட்டுக்குறதும் இல்லாம எங்க தலையிலயும் சேர்த்துப் போடுறீங்க."

வேலிக்காரம்மா தன் ஆட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்றாராம். கொழுந்தனார் விடவில்லை. வெட்டின வேலியையே இன்னும் கட்டவில்லை, அதற்குள் அடுத்த வம்பா என்று கேட்டாராம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன, இருப்பதைத் தரகருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று வேறொருவர் சமாதானம் சொன்னாராம். கடைசியில் எல்லாரும் வேலிக்காரம்மாவின் கணவரைப் பார்த்தார்கள். அவரையாவது வழிக்குக் கொண்டுவரலாம் என்று நம்பிக்கை. அந்தக் கொட்டகையில் அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"நம்ம ஆடு குழியில கெடக்கு" என்றாராம் அவர். "கணக்குலயாவது இருக்கட்டும்."

அதோடு கூட்டம் கலைந்துவிட்டது என்று கொழுந்தனார் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

ஆட்சேபணை நாளன்று எங்கள் அலுவலகத்தின் நீள அறையில் மேசை போட்டிருந்தோம். நிவாரண அதிகாரி முப்பது வயதுகூட ஆகாத பெண். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். தூக்கமில்லாத முகம். பதினேழாவது ஊர் இது என்று உட்காரும்போதே சொன்னார். சங்கத்தார் ஏழு பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள், ஆட்சேபணை சொல்ல அல்ல, வேலிக்காரம்மா என்ன சொல்கிறார் என்று கேட்க. தரகரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

வேலிக்காரம்மா சுற்றி வளைக்கவில்லை. தனக்குச் செத்தது முப்பத்தேழு அல்ல, வரிப் பதிவேட்டில் இருப்பது தப்பு, ஊசிப் பதிவேட்டைப் பாருங்கள் என்றார்.

ஊசிப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். அறையில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் திரும்பின. பீரோ சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கரையான் அரித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய பதிவேடுகளில் பாதியைக் கரையான் உண்மையிலேயே தின்றிருந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சுவரோரம் நின்ற கொழுந்தனார் அந்த வார்த்தைக்காகவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலிக்காரம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பதிவேடு வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போய் எடுத்து வந்தேன்.

அதிகாரி பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். "மழைக்கு மூணு மாசம் முன்னாடி ஊசி போட்டது எரநூத்திப் பதினேழு. இப்ப உயிரோட எண்பத்தி மூணு. அப்போ செத்தது நூத்தி முப்பத்தி நாலு."

"நூத்தி முப்பத்தி ஒண்ணு" என்றார் வேலிக்காரம்மா. "ஊசி போட்டதுக்கப்புறம் மூணு ஆட்டைச் சந்தையில வித்துட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அன்று காலையிலிருந்து முதல் முறையாக எதிரில் நிற்பவரின் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு வரிப் பதிவேட்டை இழுத்து இதில் நூற்று இருபது என்று இருக்கிறதே, ஐந்து வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆறு வருஷம்" என்றார் வேலிக்காரம்மா.

சுவரோரம் யாரோ தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

அதிகாரி விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். நான் பயமுறுத்திய அதே விதி. கணக்கெடுப்பில் தவறான எண்ணிக்கை அளித்தவரின் மேய்ச்சல் அனுமதி ரத்து செய்யப்படலாம். வாசிக்கும்போது அவருக்கே குரல் இறங்கியது. தனக்கு வேறு வழி இல்லை என்றார்.

வேலிக்காரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் குரல் உடையவில்லை. "வரிபாக்கியப் பிடிச்சுக்கோங்க. அபராதமும் போடுங்க, வேணாங்கல. தப்பு பண்ணினது நான்தான். ஆனா அனுமதிய எடுத்துட்டு நிவாரணத்தக் குடுத்தீங்கன்னா, அந்தக் காசை நான் எந்த ஆட்டுக்கு வச்சுக்குவேன்?"

அதிகாரி விதிப் புத்தகத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

நான் தைரியசாலி அல்ல. வீட்டில் பல்லி விழுந்தாலே என் மனைவிதான் எடுத்துப் போடுவாள். ஆனால் ஒரு பெண்பிள்ளை விற்ற மூன்று ஆட்டைக்கூட மறைக்காமல் தனக்கு எதிராகவே கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள், நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது. எழுந்தேன்.

"மேடம், எண்ணிக்கை அளித்தவர்னு விதியில இருக்கு. படிவத்துல அவங்க கையெழுத்து எங்கயும் இல்ல. எண்ணிக்கை அளிச்சது நான்" என்றேன்.

"நான் சொன்னதைத்தானே சார் எழுதுனீங்க?" என்று வேலிக்காரம்மா குறுக்கே வந்தார். என்னைக் காப்பாற்றுகிறாராம். "மேடம், அவரை விட்ருங்க."

"சொன்னதை எழுதினேன். எண்ணிட்டேன்னும் எழுதினேன்" என்றேன். "ஆறு வருஷமும் நான் ஜீப்பை விட்டு இறங்கல."

அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆடு வளர்ப்பவர் கையெழுத்துப் போட அதில் இடமே இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ தயாரித்த படிவம். எண்ணுவது அரசாங்கம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நினைப்பில் தயாரித்தது. அந்தத் திமிர் அன்று ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று அதிகாரி பதிவேடு இரண்டையும் கட்டி எடுத்துக்கொண்டார்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது, பதிவேடுகளும் திரும்பி வந்தன. நூற்று முப்பத்தோரு ஆட்டுக்கும் நிவாரணம். அதில் ஆறு வருட வரிபாக்கியும் அதே அளவு அபராதமும் கழிக்கப்படும். மேய்ச்சல் அனுமதி தொடரும். குமாஸ்தாவுக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி, "இருபத்தி நாலு வருஷத்துல ஒரு நாள் வேலை செஞ்சிருக்கீங்க, அதுக்கும் அபராதமா" என்றாள். ஆனால் அன்று தட்டில் எனக்கு எல்லாமே இரண்டு கரண்டி அதிகமாக விழுந்தது.

கழித்தது போக வேலிக்காரம்மா கைக்கு வந்த பணம் இரண்டரை மாதத் தீவனத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. பதினைந்து நாள் இடித்தது. அந்தப் பதினைந்து நாளும் கணவனும் மனைவியும் வாய்க்கால் ஓரத்து மரங்களில் கிளை கழித்து, இலையைக் கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றி வந்து போட்டார்கள். தரகரின் லாரி இரண்டு முறை பட்டி வரை வந்தது. இரண்டாம் முறை வேலிக்காரம்மா ஒரு பெரிய கிளையைப் பாதையின் நடுவில் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடிக்கும் வரை லாரி காத்திருந்தது, பிறகு வந்த வழியே பின்னால் போயிற்று.

உத்தரவு வந்த மூன்றாம் நாள் கொழுந்தனார் என் மேசைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஊசி புக்குல என்னோடது எத்தனை போட்டிருக்கு சார்?" என்று கேட்டார். நூற்றைம்பது என்று வரி கட்டியவர். முன்னூற்றுச் சொச்சம் என்றேன். "ஆமாமா, இருக்கும்" என்று ஏதோ பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். ஒரு வாரத்துக்குள் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை வரவில்லை. மடியில் கனம் அதிகம் போலிருக்கிறது, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெட்டின வேலியை வேலிக்காரம்மா திரும்பக் கட்டவில்லை. நான்கு இடத்திலும் மரக்கதவு வைத்தார், பள்ளத்துப் பக்கம் திறக்கிற மாதிரி. என் நிலத்துக்குள் திறக்கிற கதவுக்கு என் சம்மதம் வேண்டாமா என்று கொழுந்தனார் கேட்டிருக்கிறார். கீல் மாட்டும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் சம்மதம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவரும் பிடித்தார்.

அந்த வருடம் என்னை வெளிவேலைக்கு அனுப்பவில்லை. அடுத்த வருடம் கணக்கெடுப்புக்குத் திரும்பவும் நான்தான் போனேன். பட்டி வாசலில் ஜீப் நின்றதும் இறங்கினேன். டிரைவர் அதிசயமாகப் பார்த்தான்.

"எத்தனைன்னு கேக்கலையா சார்?" என்றார் வேலிக்காரம்மா.

"கேக்க மாட்டேன். கதவைத் திறங்க" என்றேன்.

ஒரு ஆடு மட்டும் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். கணவர் உள்ளே இருந்து ஓட்டினார். பத்துக்கு ஒரு கல் என்று நான் கீழே வைத்துக்கொண்டே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு ஆடுகள் ஒன்றாகப் பாய்ந்ததில் கணக்கு விட்டுப்போய், எல்லாவற்றையும் திரும்பவும் உள்ளே ஓட்டி முதலிலிருந்து எண்ணினேன். கடைசி ஆடு வெளியே வந்ததும் கல்லை எண்ணினேன். பன்னிரண்டு. விரல் கணக்கில் மிச்சம் ஒன்றும் இல்லை.

நூற்று இருபது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்காரம்மாவுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும் போல. "இந்த வாட்டி நிஜமாவே நூத்தி இருபது சார்" என்றார். சிரித்தார், ஆனால் கண் குழி இருந்த சாலைப் பக்கம் போய்விட்டு வந்தது. "எண்பத்தி மூணுலேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கோம். அடுத்த வருஷம் ஏறும்."

எழுதினேன். "நேரில் எண்ணிச் சரிபார்த்தேன்" என்ற வரிக்குக் கீழே, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக வெட்கமில்லாமல் கையெழுத்துப் போட்டேன். படிவத்தை மடிக்கப் போகும்போது வேலிக்காரம்மா கையை நீட்டினார்.

"குடுங்க, நானும் போடுறேன்."

அம்மா, இதில் உங்களுக்கு இடம் கிடையாது என்றேன். அது தெரியும் என்றார். என் பேனாவை வாங்கி, படிவத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓரமாக இருந்த வெள்ளை இடத்தில், தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் அந்தப் பெயர் எனக்குத் தெரிந்தது. மை காயும் வரை ஊதிவிட்டுப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்.